நெஞ்சு அமரும்வரை கரையில்

1

இரண்டாம் நாள் மத்தியானம் திரும்பிய பிறகு சூசையண்ணையின் ஒரு செருப்பு அறுந்தது. அவர் மற்றதையும் கழற்றிப் பற்றைக்குள் எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நான் நின்று, இரண்டையும் தேடி எடுத்துச் சருகுக்குள் புதைத்துவிட்டு, ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். யார் கண்ணிலாவது பட்டால் அது எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அந்த இரண்டு நாளும் எனக்கு எல்லாவற்றிலும் பயம். நாய் குரைத்தாலும் பயம், குரைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் பயம்.

நாங்கள் விட்டுவிட்டு வந்தது மலாயாவில், பேராக் பக்கத்தில் ஒரு றப்பர்த் தோட்டம். யப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம். நான் றப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டிலில் வேலை செய்தேன். சூசையண்ணை புகைக்கூட்டில் றப்பர்த் தகடு காயவைப்பவர். அவர் நெடுந்தீவு வேதக்காரர். நான் சரவணைச் சைவக்காரன். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புகைக்குள் கிடந்து கிடந்து அவருக்கு நிற்காத இருமல். அந்த இருமலுக்கும் நான் பயந்தேன்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் லொறியில் ஏற்றினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஏறிப்போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை. கந்தோரில் இருந்த கிளாக்கர் எங்கள் பக்கத்து மனிதர். ஒருநாள் காலையில் பால் வாளிகளை எண்ண வந்தவர்போல வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ரெண்டு பேரின்ரை பேரும் விழுந்திருக்கு. நாளைக்கு லொறி வரும். நான் உங்களைக் காணேல்லை."

அரைமணி நேரத்தில் நாங்கள் நடக்கத் தொடங்கிவிட்டோம். என் மனைவியும் மகளும் பட்டணத்தில் மைத்துனர் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து.

திட்டம் என்னுடையது. ஆற்றுமுகத்துக்கு அப்பால் கடற்கரையில் சீன முதலாளி, தவுக்கே ஒருவருடைய கரிச்சூளை இருந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் லொறி ஓட்டப் பட்டாளத்துக்குக் கரி வேண்டும். அதனால் சூளையில் பேர் பதிந்தவனுக்கு ஒரு கடதாசித் துண்டு கொடுப்பார்கள். அந்தத் துண்டு வைத்திருப்பவனைச் சயாமுக்குப் பிடிப்பதில்லை. மாதத்தில் ஒரு காலைதான் புதுப் பேர் எழுதுவார்கள். அது மறுநாள் காலை. தவறினால் இன்னும் ஒரு மாதம் ஒளித்திருக்கவேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு சுண்டு அரிசி.

2

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் போன கிழமை நடந்த ஒரு சின்னக் காரியம்.

இங்கே மலாயாவில், சண்டை முடிந்தும், இப்போது மறுபடியும் கெட்ட காலம். ஊரடங்கு, முள்ளுக்கம்பி, சோதனை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் பிடித்து, பெருவிரல் அடையாளம் வைத்து, அடையாள அட்டை எடுக்கவேண்டும் என்று சட்டம். நானும் மகள் சரசுவும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது எழுதுகிறவன் பிறந்த இடம் கேட்டான். சரவணை என்றேன். அது எங்கே என்றான். தீவு என்றேன். சிலோனே தீவுதானே என்று சொல்லி, சிலோன் என்று மட்டும் எழுதிக்கொண்டான். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டன.

அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. படம் பிடிக்க வரிசைப்படி பேர் வாசித்தார்களே, அதுதான் கரைச்சல். ஒருவன் தாளைப் பார்த்துக் கதிரேசு என்று உரக்க வாசித்தான். என் கால் எழும்பவில்லை. இரண்டாம் தரமும் வாசித்தான். சரசு என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா, படம்தானே பிடிக்கினம். ஆளைப் பிடிச்சுக்கொண்டே போகப்போகினம்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சரசு மலாய்க்காரத் தோழிகளோடு மலாயில் கதைப்பாள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு, என்னோடு மட்டும் தமிழ். அவளுடைய தமிழில் பாதி தாயினுடையது, மீதி எந்த ஊருடையதென்று எனக்கே பிடிபடுவதில்லை. பஸ்ஸில் வரும்போது நான் சயாம் லொறிக்குத் தப்பி ஓடிய கதையை முழுதாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முடிவில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

3

சரவணையில் பிறந்தவனுக்குக் கடல் என்பது நடக்கிற இடம். நான் இருந்த காலத்தில் புங்குடுதீவுக்குப் போகத் தாம்போதி, கடல்மேல் போட்ட பாதை, கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டி, மூட்டையைத் தலையில் வைத்து, இறங்கி நடப்போம். முழங்கால் அளவு தண்ணீர், சில இடத்தில் இடுப்பளவு. அடியில் மணலும் கல்லும். வைத்த காலைத் தரை ஏந்திக்கொள்ளும். எங்கே பள்ளம், எங்கே பாசி வழுக்கும் என்பதெல்லாம் என் காலுக்குத் தெரியும். கடல் ஏறுவதும் இறங்குவதும் எங்களுக்கு ஒரு பொருட்டல்ல. ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். காற்றைப் பார்த்தால் போதும். சோளகக் காற்று அடிக்கும்போது இறங்கக்கூடாது, காற்று விழுந்தால் இறங்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று நானே தீர்மானித்தேன். ஊர்காவற்றுறையில் கப்பலுக்குப் புகையிலைச் சிப்பம் ஏற்றினேன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பினாங்குக் கப்பலில் ஏறினேன். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் தரித்ததில்லை. புறப்படும்போது நயினாதீவுக் கோயிலுக்குப் போய் அம்மாளாச்சியிடம் கேட்டுவிட்டுப் போ என்று அம்மா சொன்னார். கப்பல் காத்து நிற்காது என்றேன். அதற்குப் பிறகும் கனகாலம் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என் புத்தி என்னை ஒரு நாளும் பட்டினியில் விட்டதில்லை என்று சொல்லிக்கொள்வேன். விட்டிருக்கிறது. சொல்லிக்கொள்வதுதான்.

4

சூசையண்ணை அப்படியல்ல. அவருடைய தகப்பனார் நெடுந்தீவிலிருந்து ஆட்களும் மாடுகளும் ஏற்றி வள்ளம் ஓட்டியவர். அந்தக் கடல் எங்கள் கடல்போல அல்ல, ஆளைக் கேட்காமல் கவிழ்க்கும் கடல். அவர்களுடைய துறையில் ஒரு வழக்கம் இருந்ததாம். வள்ளம் தள்ளுமுன் ஏறப்போகிற எல்லாரும் மணலில் குந்தியிருந்து செபம் சொல்வார்கள். முடிந்ததும் தண்டயல், அதாவது வள்ளத்துக்குப் பொறுப்பானவர், ஒவ்வொருவராகப் பார்த்து, "நெஞ்சு அமந்திட்டுதோ?" என்று கேட்பார். ஒரு ஆள் இல்லையென்று சொன்னாலும் வள்ளம் இறங்காது. திரும்பவும் செபம். அமரும்வரை கரையில்தான். சைவக்காரரும் அந்த வள்ளத்தில் ஏறுவார்கள். அவர்களிடமும் கேட்பார்களாம்.

புகைக்கூட்டில் அவர் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அப்ப கோட்டு வழக்குக்குப் போற நாளிலை ஒருத்தருக்கும் நெஞ்சு அமராதே அண்ணை."

"ஓம். அப்பிடிச் சாட்டுச் சொல்லி நிண்டவை சாமியாரிட்டைப் பிரசங்கத்திலை பேச்சும் வாங்கியிருக்கினம்" என்றார் அவர், கொஞ்சமும் கோபிக்காமல்.

தோட்டத்திலிருந்து வந்த வழி முழுவதும் அவர் இப்படித்தான். ஒவ்வொரு சந்தியிலும் நிற்பார். உதடு அசையும். பிறகு நடப்பார். நான் முதுகில் யாரோ கை வைக்கப்போகிறார்கள் என்ற நினைப்போடு பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவருக்கும் பயம்தான். அவர் பயத்தை எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துப் பார்ப்பார். நான் அதை வைத்துக்கொண்டே ஓடுவேன். அந்தக் காலத்தில் எங்களுக்குள் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

5

ஆற்றுமுகத்துக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேலே ஒரு மைல் கட்டை தூரத்தில் பாலம். அதில் காவல். எங்களுக்கு முன்னால் கண்டல் மரங்கள், அதற்கப்பால் வற்றிப்போன ஆறு. நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர் மட்டும் மினுங்கியது. மற்றதெல்லாம் சாம்பல் நிறத் தரை, வெயிலில் காய்ந்ததுபோல. அந்தப் பக்கத்தில் சூளையின் புகை தெரிந்தது. புங்குடுதீவை விடக் கிட்ட.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். சூசையண்ணை ஒரு வேரில் இருந்துவிட்டார்.

"கொஞ்சம் இரும் கதிரேசு."

எதற்கு இருப்பது என்று கேட்டேன். காற்று இல்லை, கடல் வற்றியிருக்கிறது, இதைவிட நல்ல நேரம் வராது, பாலத்தில் இருப்பவன் தொலைநோக்கியைத் திருப்பினால் இரண்டு பேரும் முடிந்தோம் என்று விளக்கினேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். இன்றைக்கு எழுதும்போதும் அதில் பிழையான ஒரு படியை என்னால் காட்ட ஏலாது.

"எனக்கு அமரேல்லை" என்றார்.

"நீங்கள் செபம் சொல்லி முடிய, யப்பான்காரன் வந்து ஆமென் சொல்லுவான்."

"சொல்லட்டும். நீரும் இரும்."

நான் இருக்கவில்லை. கோழையோடு எனக்கென்ன வழித்துணை என்று ஒரு சொல்லும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கம்.

முதல் இருபது அடி நன்றாகத்தான் இருந்தது, கண்டல் வேர் அடியில் கிடந்தபடியால். பிறகு கணுக்கால் இறங்கியது. இது பாசி, கொஞ்சத்தில் கல் வரும் என்று காலுக்குச் சொன்னேன். முழங்கால் இறங்கியது. இனி வரும் என்றேன். அடுத்த அடியில் தொடைவரை போனேன். மற்றக் காலை ஊன்றி இதை இழுக்க, அதுவும் போய்விட்டது. எங்கள் ஊரில் கடலுக்கு அடி உண்டு. அடி இல்லாத இடத்தில் என் கால் அதுவரை நின்றதில்லை.

அசைய அசைய இறங்கினேன். இடுப்பு. பிறகு அசையாமல் நின்றேன், அப்போதும் மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சேறு குளிர்ந்திருந்தது. ஒரு சின்ன நண்டு என் முன்னால் வளையிலிருந்து வந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அப்போதுதான் நடுவாய்க்காலைப் பார்த்தேன். அது முன்பு இருந்த இடத்தில் இல்லை. என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல், ஆள் நடக்கிற வேகத்தில். இந்தக் கடல் ஒரு முழம் ஏறுகிற கடல் அல்ல. இரண்டு ஆள் உயரம் ஏறும் என்று பிறகு அறிந்தேன். காற்றை மட்டும் பார்க்கப் பழகிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. என் புத்திக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

பாலத்துக் காவலுக்குக் கேட்கும் என்ற எண்ணமும் போய்விட்டது. அம்மாளாச்சி என்று கத்தினேன். எத்தனை தரம் என்று தெரியாது. அதைச் செபம் என்று சொல்லமாட்டேன். மாடு கத்துவதுபோலக் கத்தினேன். திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, கழுத்தைத் திருப்பினால் இறங்கியது. பின்னால் சூசையண்ணை வேறு ஏதோ சத்தமாகக் கூப்பிடுவது கேட்டது. "தோலோங், தோலோங்" என்றார். உதவி என்பதற்கு மலாய்ச் சொல். அவருக்குத் தெரிந்த நாலைந்து மலாய்ச் சொல்லில் அது ஒன்று.

கரையில் இருந்தபடியால் அவருக்கு நான் காணாத ஒன்று தெரிந்தது. வளைவுக்கு அப்பால் சேற்றின்மேல் ஒரு சீனப் பெண் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நீளப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் சேற்றை உந்தி உந்தி வழுக்கிக்கொண்டு போகிறவள். அவள் முதலில் வரவில்லை என்று சூசையண்ணை பிறகு சொன்னார். நின்று பார்த்தாளாம். அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் வரமாட்டார்கள். அவர் கும்பிட்ட கையோடு முழந்தாளில் நின்றாராம், அவளைப் பார்த்தா ஆண்டவரைப் பார்த்தா என்று தனக்கே தெரியாது என்றார். பிறகு அவள் பலகையைத் திருப்பினாள்.

அவள் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. பலகையை என் நெஞ்சுக்கு முன்னால் தள்ளி, அதன்மேல் படு என்று கையால் காட்டினாள். நான் அவளைப் பிடிக்கப் பார்த்தேன். கையில் ஓங்கி ஓர் அடி. பிறகு பலகையைப் பிடித்தேன். கால்களை இழுக்காதே, நீந்துவதுபோல மெல்ல ஆட்டு என்று காட்டினாள். தண்ணீர் வந்து என் விலாவைத் தொட்டபோது சேறு கொஞ்சம் இளகியது. வேட்டி சேற்றோடு போய்விட்டது. நான் வயிற்றால் வழுக்கிக் கரைக்கு வந்தேன்.

சூசையண்ணை தன் சால்வையை எடுத்து எனக்குச் சுற்றினார். என்னை ஏசியிருக்கலாம். எனக்கு அது இலேசாக இருந்திருக்கும்.

ஆறு நிரம்பியது. அரைமணியில் அந்தச் சாம்பல் தரை முழுவதும் தண்ணீர். பொழுது படுமுன் அந்தப் பெண்ணின் புருசன் சம்பான் என்ற சின்னத் தோணியில் அவளை ஏற்றிப்போக வந்தான். எங்களையும் மட்டிக் கூடைகளுக்கு நடுவில் குந்தவைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி, பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கரையில் விட்டான். என்னை மூடப்போன தண்ணீர்தான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சாக்குக்குக் கீழே நான் சூசையண்ணையின் காதோடு வாயை வைத்தேன்.

"ஆண்டவர் என்ன சொன்னவர் அண்ணை, போகவேண்டாம் எண்டோ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. நான் கேட்டனான், நெஞ்சு அமரேல்லை. அவ்வளவும்தான்."

"அமராமலே விட்டிருந்தா? பேர் எழுதுற நேரம் போயிருந்தா?"

"போயிருக்கும்" என்றார். இருமலைச் சாக்கில் அழுத்தி அடக்கிக்கொண்டு, "எனக்கு மட்டும் பயமில்லை எண்டே நினைச்சீர்?" என்றார்.

6

பஸ்ஸில் சரசு கேட்ட கேள்வி இது.

"நீங்கள் புதைஞ்சு கத்தினபடியால்தானே அப்பா அந்த மனுசி வந்தது. நீங்களும் அவரோடை கரையிலை இருந்திருந்தா அவ உங்களைக் கண்டே இருக்கமாட்டா. பேந்து சம்பான் ஏது?"

படித்த பிள்ளை. நான் அன்று கரையில் நின்று அடுக்கியதுபோலவே அடுக்கினாள், ஒரு படியும் பிழையில்லை. அந்தப் பெண்ணும் புருசனும் எப்படியும் அந்த வழியால்தான் வீட்டுக்குப் போவார்கள், கண்டிருப்பார்கள் என்று சொன்னேன். காணாமலும் போயிருக்கலாமே என்றாள். ஓம் என்றேன். இரண்டு பேரும் நான் சொன்னபடி ஒன்றாக இறங்கியிருந்தால் கரையில் நின்று கூப்பிட ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதற்கு மேலே என்னிடம் நியாயம் இல்லை. அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னை வென்றுவிட்டதில் அவளுக்குச் சந்தோசமில்லை என்று தோன்றியது.

சூசையண்ணை சண்டை முடிந்து வந்த முதல் கப்பல்களில் ஒன்றில் ஊருக்குத் திரும்பிவிட்டார். மாதா கடலைப் பிளந்து கதிரேசுவைக் காப்பாற்றினார் என்று இப்போது நெடுந்தீவில் ஒரு கதை உலவுவதாக அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். சூசையண்ணை அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். வாசிக்கிறவர்கள் அவரைக் கண்டால் கேட்டுப் பாருங்கள். ஒரு கடலும் பிளக்கவில்லை. ஒருவர் கரையில் இருந்தார், ஒருத்தி பலகையைத் திருப்பினாள்.

புத்தியை விட்டுவிடச் சொல்லி நான் எழுதவில்லை. அது இல்லாவிட்டால் தோட்டத்திலேயே பிடிபட்டிருப்போம். அது தனக்குத் தெரிந்த கடலைப்பற்றித்தான் பேசும், எல்லாக் கடலையும் அறிந்ததுபோலப் பேசும், அதைத்தான் சொல்கிறேன். அந்த நேரத்தில் வேறொருவரிடம் கேட்க ஓர் இடம் வேண்டும். எனக்கு அது அம்மாளாச்சி. பதில் வருகிறதென்று பொய் சொல்லமாட்டேன். ஊரடங்கு எடுத்ததும் வேலைக்குப் போகிற காலைகளில் கேட்டுவிட்டுத்தான் படலையைத் திறக்கிறேன். பயம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. போன கிழமை என் கால் எழும்பாமல் நின்றதைச் சொல்லிவிட்டேனே.

7

ஆற்றைக் கடந்த மறுநாள் விடிந்ததும் சூளை வாசலில் பேர் எழுதினார்கள். தவுக்கேயின் கணக்கன் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தான், பக்கத்தில் துவக்கோடு ஒரு யப்பான்காரன். எங்கள் முறை வரும்வரை நான் நிலத்தைத்தான் பார்த்தேன். சூசையண்ணைக்குப் புகையும் நெருப்பும் பழக்கம் என்று தெரிந்ததும் அவரைச் சூளைவாய்க்கு எடுத்தார்கள். இருமல் இருந்தும் சம்மதித்தார். மிச்சம் இருந்த வேலை ஒன்றுதான். கண்டல் காட்டில் வெட்டிப்போட்ட மரக்கட்டைகளைத் தோளில் சுமந்து, சேற்றின்மேல் போட்ட ஒற்றைப் பலகைகளில் நடந்து, தோணிக்குக் கொண்டுவருவது.

சேறு பழக்கமா என்று மேற்பார்வைக்காரன், மண்டோர், மலாயில் கேட்டான். யப்பான்காரன் என்னைப் பார்த்தான். ஓம் என்று சொன்னால்தான் துண்டு தருவார்கள் என்று என் புத்தி சொன்னது. அம்மாளாச்சி என்று உள்ளே ஒரு தரம் சொன்னேன். இந்த முறை கத்தவில்லை.

பழக்கமில்லை என்றேன்.

மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தான். சால்வை கட்டியிருந்த இடுப்பையும், காதுக்குள் காய்ந்திருந்த சேற்றையும் பார்த்தான். கணக்கனுக்கு ஏதோ சொன்னான். கணக்கன் துண்டை எழுதி நீட்டினான். மண்டோர் ஒரு மலாய்க்காரக் கிழவருக்குப் பின்னால் என்னை வரிசையில் விட்டு, அவர் கால் வைக்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்காதே என்றான். கட்டையைத் தோளில் ஏற்றினார்கள். பலகை என் பாரத்தில் வளைந்து சேற்றைத் தொட்டது. அன்று பொழுது படும்வரை நான் வானத்தையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. அந்தக் கிழவரின் வெடித்த குதிகால் இரண்டையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.